ஆப்பிளுக்கும் ஓர் ஆடுதுறை

கேள்வி: ஆடுதுறையில் நெல் ரகங்களைச் சோதிப்பதுபோல ஆப்பிளுக்கும் அரசுப் பண்ணை உண்டா ஐயா?
- வாசகி, திருவிடைமருதூர்

பதில்: உண்டும்மா. இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் உள்ள பிராக்டேல். சோதனை தொடங்கியது இங்கிலாந்திலேயே விஸ்லி என்ற ஊரின் தோட்டத்தில், 1922இல். நம் ஆடுதுறைப் பண்ணைக்கும் அதே வயசுதான்! 1952இல் பிராக்டேலுக்கு மாறியது. அங்கே 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்கள், ரகத்துக்கு இரண்டு மரம். குறுவை நெல் என்றால் நாலு மாதத்துக்குள் கதிர் சாய்ந்துவிடும், தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். ஆப்பிள் ஒட்டுக்கன்று காய்க்கவே சில வருஷம். அப்புறம்தான் ருசி, நோய், விளைச்சல் எல்லாம் குறிக்கவேண்டும். 1990 வாக்கில் அரசு சோதனை நிலையத்தை மூடிவிட்டது. நல்லவேளை, மரங்கள் தப்பின. திருவையாற்றில் என் கொல்லையில் ஆசைக்கு வைத்த ஆப்பிள் கன்று இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. அதற்குக் குளிர் வேண்டுமே, நான் எங்கே போவேன்?