ஆறு வித அசைவு என்று சொல்லி மூன்றை விற்றால்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். சென்னிமலைப் பக்கம் இரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தொழில் நொடித்ததால் தறிகளை விற்றுவிட்டு, திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் விஆர் (கண்ணை மூடித் தலையில் மாட்டும் ஹெட்செட்டில் தெரியும் மெய்நிகர் காட்சி) விளையாட்டுக் கடை போடுகிறேன். துணைக்கு மச்சினன் மட்டும். ஆடி மாதத் தொடக்கத்தில் கோவையில் ஒரு கடையில் இரண்டு ஹெட்செட் வாங்கினேன். ஒன்று பெயர் பெற்ற வெளிநாட்டு நிறுவனத்துடையது, 46,000 ரூபாய். மற்றது பெயர் தெரியாத இறக்குமதி, 18,500 ரூபாய். ‘இதுவும் அதே மாதிரி ஆறு வித அசைவையும் பிடிக்கும்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பிலும் எழுதினார். ஆனால் தலையைத் திருப்பினால் மட்டுமே காட்சி திரும்புகிறது. நடந்தாலோ குனிந்தாலோ ஒன்றும் மாறுவதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையில் ஒரு பையன் தலைசுற்றி வாந்தியே எடுத்துவிட்டான். பெரிய ஹெட்செட்டும் இரவில் கூடாரத்துக்குள் அடிக்கடி தடுமாறுகிறது. அதன் ஒரு லென்ஸ் பக்கம் கரும்புள்ளி விழுந்திருக்கிறது. கடைக்காரரோ எஸ்டிமேட் சீட்டைக் காட்டி, விற்ற பொருள் வாபஸ் இல்லை என்கிறார். போதாததற்கு, நான் வாங்கிய இரண்டாம் மாதமே பெரிய ஹெட்செட்டின் விலையில் 9,000 ரூபாய் குறைத்துவிட்டார்கள். சின்ன கம்பெனிகளை ஒழிக்கவே நட்டத்துக்கு விற்கிறார்கள் என்று திருப்பூரில் இருக்கும் என் பங்காளி சொல்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். உங்களுக்கு வலுவான வழக்கு ஒன்று இருக்கிறது: 18,500 ரூபாய்க் கருவி. அதன்மேல் மற்றக் கோபங்களையும் ஏற்றினால், எதிர்தரப்பு வக்கீல் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பேசுவார். பலமானது பின்னால் போய்விடும்.

முதலில் விலை. இதில் வழக்கே இல்லை. வாங்கிய பிறகு விலை குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ‘குறைந்தால் மிச்சத்தைத் தருவோம்’ என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே கேட்கலாம். இந்தக் கருவிகளின் விலை தொடக்கத்திலிருந்தே ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2016-இல் ஓகுலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கும் எச்டிசி வைவ் 799 டாலருக்கும் வந்தன. அவற்றை ஓட்ட வலுவான கணினி ஒன்றும் தனியாக வேண்டும். 2020 அக்டோபரில் கணினியே தேவைப்படாத குவெஸ்ட் 2, 299 டாலருக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் அதன் விலையை 100 டாலர் ஏற்றினார்கள். முன்பு 299-க்கு வாங்கியவர்களிடம் யாரும் போய் மீதி 100 டாலரைக் கேட்கவில்லை. ஏறும்போது கேட்க முடியாததை இறங்கும்போது நீங்களும் கேட்க முடியாது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் உங்களிடம் வாங்கியிருந்தால் அது வேறு, அது குற்றம். பெட்டியை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பங்காளி சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. குவெஸ்ட் கருவிகளைச் செய்யும், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2023-இல் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. ஆனால் அந்த நட்டத்தில் ஆராய்ச்சிச் செலவும் அடக்கம். ஒரு ஹெட்செட் அடக்க விலைக்குக் கீழே விற்கப்படுகிறது என்பதை அது மட்டுமே நிரூபித்துவிடாது. போட்டிச் சட்டம், 2002-இன் 4-வது பிரிவின்படி, நட்டத்துக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பது தவறுதான். ஆனால் விற்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறார் என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். அப்படியே நிறுவினாலும் உங்கள் 9,000 ரூபாயைத் திருப்பித் தருவது போட்டி ஆணையத்தின் வேலை அல்ல. 2020 டிசம்பரில் ஜெர்மனியின் போட்டி ஆணையம் இதே துறையில் ஒரு விசாரணையைத் தொடங்கியது. அங்கே பிரச்சினை விலை அல்ல. ஹெட்செட்டைப் பயன்படுத்த ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம் என்றதுதான். அந்த அளவு விவகாரங்களுக்கான மன்றம் அது. நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது 18,500 ரூபாய்க் கருவிக்கு வருவோம்.

தலையை இடவலமாகத் திருப்புவது, மேலும் கீழும் ஆட்டுவது, தோளை நோக்கிச் சாய்ப்பது: இவை மூன்று. இவற்றை அறிய உள்ளே ஒரு சிறு உணர்வி (சென்சார்) போதும். செல்பேசியிலேயே அது இருக்கிறது. முன்பின் நகர்வது, பக்கவாட்டில் நகர்வது, குனிந்து நிமிர்வது: இவை மற்ற மூன்று. கருவி அறையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இவற்றைப் பிடிக்க முடியும். அதற்காக வைவ், அறை மூலைகளில் லேசர் வீசும் நிலையங்களை வைத்தது. ரிஃப்ட், மேசைமேல் உணர்விகளை வைத்து ஹெட்செட்டை நோட்டம் பார்த்தது. 2019-இல் வந்த முதல் குவெஸ்ட், ஹெட்செட்டிலேயே நான்கு கேமராக்களைப் பொருத்தி அறையைப் பார்க்கத் தொடங்கியது. ஆகவே உங்கள் சின்னக் கருவியின் வெளிப்புறத்தைப் பாருங்கள். வெளியே பார்க்கும் கேமராவும் இல்லை, அறையில் வைக்கும் நிலையமும் கூட வரவில்லை என்றால், அந்தக் கருவி ஆறைப் பிடிக்க வழியே இல்லை. அதைப் பல கோணங்களில் படமெடுத்து வையுங்கள். உடல் நகர்ந்தும் காட்சி நகராமல் நின்றால் கண் ஒன்று சொல்ல உடம்பு வேறொன்று சொல்லும். அந்தப் பையனுக்குத் தலைசுற்றியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்றை மட்டும் பிடிக்கும் கருவியை விற்பது தவறல்ல. 2018-இல் 199 டாலருக்கு வந்த ஓகுலஸ் கோ அப்படிப்பட்டதுதான். நம் நாட்டில் 2023-இல் 1,299 ரூபாய்க்கு வந்த ஜியோடைவும் செல்பேசியைச் செருகிப் பார்க்கும் வகைதான். மூன்றை ஆறு என்று சொல்லி விற்பதுதான் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் ‘குறைபாடு’ என்பதை விளக்கும்போது, சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தோடு நிற்கவில்லை; வணிகர் எந்த வகையில் கூறிக்கொண்ட தரமாக இருந்தாலும் அதிலிருந்து குறைந்தால் குறைபாடு என்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதியதும் கூறிக்கொண்டதுதான். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 15-வது பிரிவும் விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். செல்பேசியை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள். அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்), 2023-இன் 63-வது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

உங்கள் வழக்கில் உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. ‘இவர் நுகர்வோரே அல்ல, வியாபாரத்துக்கு வாங்கியவர்’ என்பதே கடைக்காரரின் முதல் வாதமாக இருக்கும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துபவரை, ‘நுகர்வோர்’ யார் என்று அதே சட்டம் தரும் விளக்கம் காப்பாற்றுகிறது. இதில் இன்றும் முதலில் காட்டப்படும் தீர்ப்பு நம் ஊர்ப் பெயரைத் தாங்கியது: லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், உச்ச நீதிமன்றம், 1995. மகாராஷ்டிரத்து நிறுவனம் ஒன்று கோவையிலிருந்து பெரிய இயந்திரம் வாங்கியது. அளவைப் பார்த்த நீதிமன்றம், அது வணிக நோக்கம் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் லேத் வாங்கித் தானே இயக்குபவரும் நுகர்வோரே என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் சொல்கிறது. லேத்தைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஹெட்செட், ஒரு மச்சினன்: நீங்கள் அந்த வரிகளுக்குள் வருகிறீர்கள்.

ஆனால் இதைப் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதியாக வேண்டும். தறிகளை விற்றது, வேறு வருமானம் இல்லாதது, கடையில் நீங்களே நிற்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். திருவிழாவில் இடவாடகை கட்டிய ரசீதுகளையும் இணையுங்கள். ‘என் நிறுவனம்’, ‘என் ஊழியர்கள்’ என்று பெருமைக்கு எழுதி வழக்கைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விசிட்டிங் கார்டில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று அச்சடித்திருந்தால் அதை எங்கேயும் இணைக்காதீர்கள். கேட்டால் மறைக்கவும் வேண்டாம். இன்னொன்று: விளையாட்டுகளின் உரிம நிபந்தனைகள் பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிப்பவை. எதிர்தரப்பு அதையும் கிளப்பலாம். பொருளின் குறைபாட்டுக்கு அது பதிலாகாது என்று நீங்கள் வாதாடலாம். ஆனாலும் பொது இடத்தில் கட்டணம் வாங்கி ஓட்டத் தனி உரிமம் தரும் விளையாட்டுகளுக்கு மாறிக்கொள்வது நல்லது.

எஸ்டிமேட் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முறையான பில் தராததையே 2019 சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. நீங்கள் எப்போது முதலில் புகார் சொன்னீர்கள் என்பதை வாட்ஸ்அப் தேதியைக் கொண்டு காட்டுங்கள். பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையே வாங்கியதற்குச் சான்று. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லையென்றால், அது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளுக்கு முரண். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அங்கே தனியாக ஒரு மனு கொடுங்கள். பல கடைக்காரர்கள் அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள்.

வழக்கைக் கோவையில் போட வேண்டியதில்லை. 2019 சட்டத்தின் 34-வது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை (என் தொழிலுக்கு நானே குழி பறிக்கிறேன்). கால வரம்பு இரண்டு ஆண்டு. முதலில் பதிவுத் தபாலில் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். கருவியைப் பரிசோதிக்க ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். அதற்கு முன்பே பெருந்துறையிலோ கோவையிலோ ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டி அறிக்கை வாங்கி, அவருடைய பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்தால் வேலை சுருங்கும்.

பெரிய ஹெட்செட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவால் அறையைப் பார்க்கும் கருவிக்கு வெளிச்சம் வேண்டும்; இருட்டுக் கூடாரத்தில், மினுக்கும் சீரியல் விளக்குகளுக்கு நடுவே அது தடுமாறுவது குறைபாடு ஆகாது. நல்ல வெளிச்சமுள்ள வீட்டு அறையிலும் தடுமாறினால் மறுபடி எழுதுங்கள், பார்க்கலாம். கரும்புள்ளி, கருவியை வெயிலில் லென்ஸ் மேல்நோக்க வைத்ததால் வந்திருக்கக்கூடும். லென்ஸ் வெயிலைக் குவித்து உள்திரையைச் சுட்டுவிடும். நேரடி வெயில் படக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். அதை இந்த வழக்கில் சேர்த்தால் குறுக்கு விசாரணையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாந்தியெடுத்த பையன் விஷயத்தை நீங்கள் கடைக்காரருக்கு எதிரான ஆயுதமாக நினைக்கிறீர்கள். அவனுடைய பெற்றோருக்கோ அந்த இடத்தில் சேவை அளித்தவர் நீங்கள். அவர்கள் வழக்குப் போட்டால் எதிர்மனுதாரர் நீங்கள்தான். குவெஸ்ட் கருவிகளுக்கு மெட்டா வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 10. 2023-க்கு முன் 13. உங்கள் கருவியின் கையேட்டில் என்ன வயது இருக்கிறதோ அதைக் கடை முகப்பில் எழுதி வையுங்கள். விளையாடுபவரை உட்காரவைத்து விளையாட விடுங்கள், பக்கத்தில் மச்சினன் நிற்கட்டும்.

நிவாரணமாக 18,500 ரூபாயையும் வட்டியையும் கேளுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகையைச் சேருங்கள். ஐந்து லட்சம் கேட்டால் ஐந்து லட்சம் வந்துவிடாது. கேட்டவர்மேல் சந்தேகம்தான் வரும். அந்தச் சின்னக் கருவியை இன்றே பெட்டியில் போட்டு மூடுங்கள். தைப்பூசத் தேருக்குச் சென்னிமலையில் கூட்டம் அலைமோதும், ஆசை வரும். ‘குறைபாடு’ என்று நோட்டீஸ் அனுப்பிய கருவியை வைத்து நீங்கள் வசூல் செய்யும் ஒரு காணொளி கடைக்காரர் கையில் கிடைத்தால், நான் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது.