டின்னில் போட்ட ஓட்டை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மலாயா அவசரகாலத்தை, அதாவது பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு காட்டில் போட்ட சண்டையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். சமையல் குறிப்பு கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் தேசிய சேவையில் இருக்கிறான். புருணைக் காட்டில் பயிற்சி முடித்து வந்தவன், "பத்தடி தள்ளி நிற்கிறவனே தெரியவில்லையப்பா, இதற்குள் பிரிட்டிஷ்காரன் எப்படிக் கொரில்லாக்களைப் பிடித்தான்?" என்கிறான். என்ன பதில் சொல்ல? – ஈசூன் வாசகர்

பதில்: முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் பிடிக்கவில்லை ஐயா. அதை முதலில் சொல்லுங்கள்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அடுத்த வாரம் சிங்கப்பூரிலும் வந்துவிட்டது. ராணுவம் தனக்குத் தெரிந்த சண்டையைப் போட்டது. நூற்றுக்கணக்கான பேர் வரிசை கட்டிக் காட்டைச் சல்லடை போடுவார்கள், மேலே விமானம் குண்டு போடும். அத்தனை பூட்ஸ் சத்தம் கேட்டால் எவன் உட்கார்ந்திருப்பான்? உள்ளே இருந்தவர்களுக்கு அந்தக் காடு புதிதில்லை. ஜப்பானியர் காலத்தில் அங்கேயே இருந்து, பிரிட்டிஷ் ஆயுதத்தோடு சண்டை போட்டவர்கள். அவர்கள் தலைவர் சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் அரசே பதக்கம் அறிவித்திருந்தது, அப்புறம் பறித்துக்கொண்டது.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று, கீழேயிருந்து. பர்மாக் காட்டில் ஜப்பானியரோடு மோதிய வால்ட்டர் வாக்கர் என்ற அதிகாரி ஜொகூரில் காட்டுப்போர்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கோத்தா திங்கியில் அது நிலைகொண்டது. பெரிய படையாகப் போகாதே, பத்துப் பேராகப் போ, நாள்கணக்கில் அசையாமல் காத்திரு என்று சொல்லிக்கொடுத்தார்கள். மிதிபட்ட இலையையும் காலடியையும் படிக்க சரவாக்கிலிருந்து ஈபான் ஆட்கள் வந்தார்கள். 1952இல் இதையெல்லாம் கையேடாக அச்சடித்தார்கள், சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவில். புதிதாக வந்த படையினருக்கு முந்தைய படை பட்ட அடி அந்தப் பை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குமுன் ஆள் மாறினால் பாடம் மறுபடி முதல் பக்கத்திலிருந்துதான்.

இன்னொன்று, மேலேயிருந்து. ஓய்வுபெற்ற ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸை 1950 ஏப்ரலில் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் காட்டைப் பார்க்கவில்லை, காட்டின் ஓரத்தைப் பார்த்தார். உள்ளே இருப்பவன் சாப்பிட வேண்டுமே! அரிசி, மருந்து, காசு, தகவல் எல்லாம் ஓரத்தில் குடிசை போட்டிருந்த சீனர்களிடமிருந்து போயின. அவர்களில் சுமார் 500,000 பேரைப் பெயர்த்து, முள்கம்பி போட்ட புதுக்கிராமங்களில் வைத்தார்கள். மாவட்ட அதிகாரி, போலீஸ், ராணுவம் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். அதுவரை போலீசுக்குத் தெரிந்தது ராணுவத்துக்குத் தெரியாது.

என் அம்மா அப்போது கூலாய் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பிரிக்ஸ், பின்னால் பொறுப்புக்கு வந்த ஜெனரல் டெம்ப்ளர் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தது டின்தான். கடையில் சார்டினோ டின்பாலோ வாங்கினால் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். திறந்த டின்னைக் காட்டுக்குள் பதுக்க முடியாது, கெட்டுப்போகும், அதற்காக. அரிசி அளந்துதான். விடிகாலையில் தோட்ட வாசலில் சோதனை: வாளி, காண்டாக்கம்பு, சைக்கிள் டியூப், பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண். வெளிக்காட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாது. வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டு மதியம்வரை மரத்துக்கு மரம் ஓட வேண்டும். ஊரடங்கு முடிந்து ஆளை விடுவதற்குள் வெயில் ஏறிவிடும், வெயில் ஏறினால் பால் சரியாக ஓடாது, பால் குறைந்தால் சம்பளம் குறையும். "அவனுங்களையும் பட்டினி போட்டானுங்க, எங்களையும் போட்டானுங்க" என்பார் அம்மா. ராணுவம் படித்தது உண்மை. டியூஷன் காசு கட்டியது யார் என்பதை மகனிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு நன்றாக வேலை செய்த திட்டம் வியட்நாமில் ஏன் கவிழ்ந்தது? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் 1961இல் ஆலோசகராக சைகோன் போனார். அடுத்த வருடமே அங்கேயும் வேலி போட்ட கிராமங்கள் முளைத்தன. வேகம்தான் முதல் வினை. மலாயாவில் வருடக்கணக்கில் செய்ததை தென் வியட்நாம் அதிபர் ஸியெமின் தம்பி மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான கிராமங்களில் செய்யப் பார்த்தார். திட்டத்தை மேற்பார்வை பார்த்த கர்னல் ஃபாம் நொக் தாவ் கம்யூனிஸ்டுகளின் ஒற்றர் என்பது பின்னால் தெரிந்தது. வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டியவர் அவர் என்பார்கள்.

ஆனால் அவர் இல்லாவிட்டாலும் கவிழ்ந்திருக்கும் என்பது என் எண்ணம். புதுக்கிராமத்துச் சீனருக்குப் போகிற இடத்தில் ஒரு துண்டு நிலமாவது கிடைத்தது. அதற்குமுன் பட்டா இல்லாத மண்ணில் இருந்தவர்கள். வியட்நாம் விவசாயியைப் பாட்டன் சமாதி இருக்கும் மண்ணிலிருந்து கிளப்பினார்கள். மலாயாவுக்கு 1957இல் சுதந்திரம் வந்ததும் காட்டிலிருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காரணம் பாதி கரைந்துவிட்டது. வியட்நாமில் வடக்கிலிருந்து ஆளும் ஆயுதமும் நிற்காமல் வந்தன.

அமெரிக்க ராணுவம் வேறு, கொன்ற தலையை எண்ணிக்கொண்டிருந்தது. அவர்களிலும் பாடம் கற்றவர்கள் உண்டு. 1965இலிருந்து மரீன் வீரர்கள் சிறு குழுக்களாகக் கிராமத்துக்குள்ளேயே தங்கி, ஊர்க்காவல் ஆட்களோடு இரவு ரோந்து போனார்கள். அங்கே அமெரிக்கப் படைக்குத் தலைவராக இருந்த ஜெனரல் வெஸ்ட்மோர்லண்டுக்கு அது பிடிக்கவில்லை. பெரிய படை, பெரிய தேடல்தான் அவர் வழி. சிப்பாய்க்கோ ஒரு வருடம் முடிந்தால் ஊருக்கு விமானம், கற்றதும் அவனோடு போய்விடும். போர் முடிந்ததும் இந்தப் பேச்சையே மூட்டை கட்டி வைத்தார்கள். ஈராக்கில் அடிபட்ட பிறகு 2006 டிசம்பரில்தான் புதிதாக ஒரு கையேடு எழுதினார்கள்.

கேள்வி: மக்களின் மனத்தை வென்றதாக டெம்ப்ளரைப் புகழ்கிறார்களே, அது உண்மையா, விளம்பரமா? – பொங்கோல் மாணவி

பதில்: இரண்டும் உண்டும்மா. 1951 அக்டோபரில் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் கர்னி ஃபிரேசர்ஸ் ஹில் சாலையில் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டார். நாலு மாதத்தில் அவர் இடத்துக்கு டெம்ப்ளர் வந்தார். மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே, உடைபட்ட தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போன 12 பேரைக் கொரில்லாக்கள் பதுங்கியிருந்து கொன்றார்கள். டெம்ப்ளர் நேரே வந்து ஊரைத் திட்டினார். ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசி பங்கும் குறைந்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு ஒரு தாள், பெயர் போடாமல் தெரிந்ததை எழுதிப் பூட்டிய பெட்டியில் போடு என்றார்கள். மனத்தை வெல்கிற முறையா இது? அதே மனிதர் காலத்தில்தான் சீனர்களுக்குக் குடியுரிமை விதி தளர்ந்தது, புதுக்கிராமங்களுக்குப் பள்ளியும் குழாய்த் தண்ணீரும் வந்தன. ஒரு கையில் பிரம்பு, மறு கையில் மிட்டாய். பரீட்சைத் தாளில் ஒன்றை மட்டும் எழுதிவிடாதே. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்ட 24 கிராமத்தாரையும் எழுது.

கேள்வி: நாகாலாந்து, மிசோரம் அனுபவம் எல்லாம் இருந்தும் இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் ஏன் தடுமாறியது? – செங்காங் வாசகர்

பதில்: மலாயாவைப் பார்த்து 1967இல் மிசோ மலைக் கிராமங்களைச் சாலையோரம் பெயர்த்து வைத்தவர்கள்தான் இந்தியர்கள். வைரெங்டேயில் காட்டுப்போர்ப் பள்ளியும் நடத்துகிறார்கள். ஆனால் 1987 ஜூலையில் யாழ்ப்பாணம் போனது அமைதி காக்க. அக்டோபரில் அதே படையைச் சண்டை போடு என்றார்கள். அக்டோபர் 11 இரவு புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். கீழே காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். மலைக்காட்டில் கற்ற பாடம் சந்தும் மதிலும் பனைமரமுமாக இருக்கும் ஊரில் செல்லவில்லை. 1990 மார்ச்சில் கடைசி ஆள் கப்பல் ஏறும்போது இறந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர். ஊர்ச்சனம் பட்டது தனிக்கணக்கு. அந்த 1987 தீபாவளியன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நடந்த கொலைகளை இங்கே பல வீடுகளில் இன்னும் சத்தமாகப் பேச மாட்டார்கள். நானும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: கோத்தா திங்கி போனால் அந்தக் காட்டுப்போர்ப் பள்ளியைப் பார்க்கலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இப்போது அது மலேசிய ராணுவத்தின் பயிற்சி முகாம். உள்ளே விட மாட்டார்கள், வாசலில் நின்று படமும் எடுக்காதீர்கள். பேசாமல் நீர்வீழ்ச்சிக்குப் போங்கள், வாரநாளாகப் பார்த்து. சனிக்கிழமை என்றால் பாலத்திலேயே பாதி நாள் போய்விடும். கட்டுச்சோறு தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடவிப் பார்க்க மாட்டார்கள்.