கிட்டப்பார்வை: பெற்றோர் கேள்விகள்

மூத்தவனுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. முதல் வகுப்பில் இருக்கும் இளையவளுக்கும் வராமலிருக்க, செல்போனைக் கொடுக்காமல் இருந்தால் போதுமா?

போதாது. போனைப் பிடுங்கிவிட்டு, அதே நேரத்துக்கு அறைக்குள் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் பெரிய லாபம் இல்லை. எதுவானாலும் கிட்ட வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பதுதான் சிக்கல். (போன் மூக்கருகே வந்துவிடும் என்பது தனிக் கெடுதல், ஒரு அடி தூரமாவது இருக்கட்டும்.)

பிள்ளை பகலில் எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறாள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வளரும் வயதில் விழி அளவுக்கு மீறிப் பின்னோக்கி நீண்டால் கிட்டப்பார்வை வரும். 1 மில்லிமீட்டர் நீண்டாலே சுமார் 2.5 பவர் ஏறும். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது; அது இந்த நீட்சிக்குக் கடிவாளம் போடுவதாகக் கருதப்படுகிறது. வீட்டுக்குள் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸுக்குள்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே வெயிலில் 10,000-க்கும் மேல்.

சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் வெளிவகுப்பு கூட்டினார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்ற பள்ளிகளில் 39.5. முழுத் தடுப்பு இல்லைதான், ஆனால் செலவில்லாத வைத்தியம். தினம் இரண்டு மணி நேரம் குறி வையுங்கள். மூத்தவனையும் அனுப்புங்கள், பவர் வந்த பிறகு பலன் குறைவு, அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் நிற்க வேண்டுமா?

வேண்டாம். மர நிழலிலும் அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. தொப்பியும் போடலாம். ஓடியாட வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.

பவரைக் குறைத்துக் கண்ணாடி போட்டால் கண் பழகி சரியாகும் என்கிறார்களே?

இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மலேசியாவில் சோதித்தபோது, குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது.

கேரட்?

சாப்பிடட்டும், நல்லதுதான். கிட்டப்பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் இருவருமே கண்ணாடி போட்டவர்கள். குழந்தைக்கு எப்போது பரிசோதிப்பது?

பள்ளியில் சேர்க்கும் முன்பே, அப்புறம் வருடாவருடம். கண்ணின் குவிக்கும் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழந்தை கண்ணை இறுக்கிப் பார்ப்பதில் பவர் கூடுதலாகக் காட்டிவிடும். அன்று கிட்டத்தில் எழுத்து மங்கலாகத் தெரியும், வீட்டுப்பாடம் வராது என்று ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.