அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடியது யார்?

கேள்வி: 2004 சுனாமி அன்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது நான்தான், நேற்று நடந்ததுபோல் கண்ணுக்குள் நிற்கிறது. அக்காவோ தான்தான் என்று அடித்துச் சொல்கிறாள். அம்மா இப்போது இல்லை. டிசம்பர் வந்தாலே இந்தச் சண்டை வந்துவிடுகிறது. யார் சொல்வது சரி? கடல் சேற்று வாடை அடித்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அக்கா பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உயிர்பயம் வரும்போது உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும், மூளைக்குள் வாதாம் பருப்பு அளவில் இருக்கிற, பயத்தை உணர்கிற அமிக்டலா என்ற பகுதி, பக்கத்தில் ஞாபகத்தைப் பதிகிற ஹிப்போகேம்பஸைத் தூண்டி அந்த நேரத்தை அழுத்தமாகப் பதிய வைக்கும். 1994-ல் அமெரிக்காவில் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்காவ் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர், அட்ரினலின் வேலையைத் தடுக்கும் ப்ரோப்ரனோலால் மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு ஒரு விபத்துக் கதையைப் படங்களோடு சொன்னார்கள். கதையின் சாதாரணப் பகுதி அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே நினைவிருந்தது, மனசை உலுக்கும் பகுதிதான் அந்த அளவுக்குப் பதியவில்லை.

ஆனால் அழுத்தமாகப் பதிந்ததெல்லாம் சரியாகப் பதிந்தது என்று அர்த்தமில்லை, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். பயத்தில் கவனம் முழுக்க வருகிற தண்ணீர் மேலேயே இருக்கும், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம் அரைகுறையாகத்தான் ஏறும். அப்புறம் ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் பேசும்போதும் விட்டுப்போனதை மூளை தானே நிரப்பி, அதையும் சேர்த்து மறுபடி பதிந்துகொள்கிறது. 1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை வருடம் கழித்துக் கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் முழு நம்பிக்கையோடு. அவர்கள் கைப்பட எழுதியதையே காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. உங்களுக்கோ இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் இருவருமே அம்மாவின் கையைப் பிடித்திருக்கலாமே!

வாடை விஷயம் வேறு. பார்ப்பது, கேட்பதெல்லாம் மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸ் என்ற பகுதி வழியாகச் சுற்றிப் போகும், வாசனை மட்டும் கிட்டத்தட்ட நேராக அமிக்டலாவுக்குப் போய்விடும், அதனால்தான் என்ன வாடை என்று யோசிப்பதற்குள்ளேயே படபடப்பு வந்துவிடுகிறது. தூக்கம் கெடுகிற அளவுக்கு, கடற்கரைப் பக்கமே போக முடியாத அளவுக்கு இருந்தால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்தா என்று தயங்க வேண்டாம், இதற்குச் சிகிச்சை உண்டு. அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளுக்கும் இப்படி ஏதாவது இருக்கலாம்.