டோசைட் தாவலில் முகம் குப்புற விழுவது ஏன்?

கேள்வி: மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24, எடை 68 கிலோ. படகு கயிற்றால் இழுக்க, பலகையில் நின்று போகும் வேக்போர்டில் இடது கால் முன்னால் வைத்து ஓட்டுபவன். குதிகால் பக்கமாக, ஹீல்சைடில் வந்தால் படகின் இரண்டு அலைகளையும் தாண்டிவிடுகிறேன். விரல் பக்கமாக, டோசைடில் தாவினால் மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது அலைக்கு முன்பே இறங்கி, முகம் தண்ணீரில் அடிக்கிறது. எங்களைக் குட்டைக்கு அழைத்துப் போகும் அண்ணன், "உன் 138 போர்டு சின்னது, புதுசு வாங்கு" என்கிறார். விலை 2,800 வெள்ளி (ரிங்கிட்). இன்னும் 900 வெள்ளி கட்டினால், இந்தத் தாவலை விட்டுவிட்டு நேராகத் தலைகீழ்த் திருப்பமே சொல்லித் தருவாராம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. போர்டும் வாங்காதீர்கள். 68 கிலோ ஆளுக்கு 138 சென்டிமீட்டர் போர்டு சரியான அளவு. அதே போர்டில் ஹீல்சைடில் இரண்டு அலையையும் தாண்டுகிறீர்கள் என்றால் போர்டில் என்ன குறை இருக்க முடியும்?

உங்கள் சிக்கல் தாவுகிற இடத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஹீல்சைடில் கயிறு இழுக்கும்போது முதுகும் இடுப்பும் தாமாகவே எதிர்த்து நிற்கும். டோசைடில் அந்த வசதி கிடையாது. நீங்கள் இடது காலை முன்வைப்பவர் என்பதால் அலைக்கு இடப்புறமிருந்து வலப்புறம் வெட்டி வருகிறீர்கள். மார்பு படகுக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும், இழுப்பு இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டவிட்டால், கயிறு தோளைப் படகுப் பக்கம் திருப்பிவிடும். உடம்பு இடுப்பில் மடியும், எடை விரலிலிருந்து குதிகாலுக்குப் போகும். அலையின் அடிவாரத்தை எட்டும்போது போர்டு தட்டையாகிவிடும். தட்டையான போர்டை அலை தூக்காது, சும்மா உருட்டித்தான் விடும். மடிந்த உடம்போடு கீழே இறங்கும்போது விரல் பக்க விளிம்பு தண்ணீரில் மாட்டுகிறது, முகம் அடிக்கிறது.

அதனால் முதல் வேலை ஹேண்டில். அது முன் இடுப்பை, உங்களுக்கு இடது இடுப்பெலும்பை, விட்டு ஒரு சாண் கூட விலகக் கூடாது. கயிற்றை இடுப்புக்கு இழுக்காதீர்கள், இடுப்பைக் கயிற்றுப் பக்கம் தள்ளுங்கள். கொஞ்ச நாளைக்கு வலது கையை விட்டுவிட்டு இடது கையால் மட்டும் பிடித்து ஓட்டிப் பாருங்கள். தோள் திரும்ப வழியே இருக்காது.

இதைக் கரையிலேயே பழகலாம். வீட்டுக்கு வெளியே ரம்புத்தான் மரமோ இரும்புத் தூணோ இருந்தால் இடுப்பு உயரத்தில் கயிற்றைக் கட்டுங்கள். இடது தோள் மரத்துப் பக்கம், முதுகையும் லேசாக மரத்துக்குத் திருப்பி நில்லுங்கள். ஹேண்டில் இடது இடுப்போடு ஒட்டியிருக்கட்டும். முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி, மரத்தை விட்டு விலகும் திசையில் விரல் மேல் சாயுங்கள். முழங்கால் பாத விரலைத் தாண்டிப் போக வேண்டும், மார்பு நிமிர்ந்தே இருக்க வேண்டும். பின்பக்கம் வெளியே துருத்தினால் தப்பு. கூட ஒருவரை நிறுத்திப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் தண்ணீரில். முதல் நாள் தாவவே வேண்டாம். அலைக்கு வெளியே டோசைட் விளிம்பில் வெட்டிப் போய் வருவது மட்டும். பிறகு அலையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று மெதுவாகத் தொடங்கி, நெருங்க நெருங்க விளிம்பை அழுத்துங்கள். அழுத்தம் மிக அதிகமாக இருக்க வேண்டிய இடம் அலையின் உச்சி. அங்கே காலை நீட்டி நிமிருங்கள், குதிக்காதீர்கள். பார்வை அலை மேல் வேண்டாம், அக்கரையில் இருக்கட்டும். தூரத்திலிருந்து வேகமாக ஓடி வந்து தாவுவதுதான் எல்லோரும் செய்வது. வேகம் கூடிப்போனால் பயத்தில் கடைசி நொடியில் விளிம்பை விட்டுவிடுவோம், மறுபடி அதே விழுதல்தான்.

படகு மணிக்கு 30 முதல் 35 கிலோமீட்டருக்குள், ஒரே வேகத்தில், நேராகப் போகட்டும். கயிறு 55 முதல் 65 அடி போதும். ஓட்டுகிறவர் தவிர, பின்னால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் படகில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கயிறு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டைக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர்கள் பலர் ரப்பர் மிதவை இழுக்கிற நைலான் கயிற்றையே வேக்போர்டுக்கும் கட்டிவிடுகிறார்கள். நைலான் நீளும். நீங்கள் அலை உச்சியில் நிமிரும் நேரத்தில் நீண்ட கயிறு கவண் மாதிரி சுருங்கி உங்களை முன்னால் இழுக்கும். ஹீல்சைடில் முதுகு இதைத் தாங்கிக்கொள்ளும், டோசைடில் தாங்காது. வேக்போர்டுக்கு நீளாத கயிறு வேண்டும், பாலிஎத்திலீன் அல்லது டைனீமா. ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையில் உங்கள் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பாருங்கள். நன்றாக நீண்டு கொடுத்தால் அந்தக் கயிற்றை ஒதுக்கி வைத்துவிடுங்கள். உங்கள் அண்ணன் போர்டை மாற்றச் சொன்னாரே, கயிற்றை ஒரு தரமாவது பார்த்தாரா? போர்டு விற்றால் கடையில் கமிஷன் உண்டு, கயிற்றில் என்ன கிடைக்கும்?

தலைகீழ்த் திருப்பப் பேக்கேஜ் இதைவிட மோசம். விளிம்பைப் பிடித்து நிற்கத் தெரியாதவரைத் தலைகீழாகத் திருப்பினால் கழுத்திலோ தலையிலோதான் இறங்குவார். பெரும்பாலோர் முதல் தலைகீழ்த் திருப்பத்தை ஹீல்சைடில்தான் கற்கிறார்கள். அதற்கும் முன்னால் சாதாரணத் தாவல் இரண்டு பக்கமும் கைக்கு வந்திருக்க வேண்டும். இத்தனை நாளில் வரவைத்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

நான் சொன்னது ஒரு வகை ஆட்களுக்குப் பொருந்தாது. நம் பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் சைக்கிளில் விழுந்து கணுக்கால் முறிந்து, தகடும் திருகும் வைத்தவர்கள் இருக்கிறார்கள். டோசைடில் நிற்பதே கணுக்கால் மடிவதை வைத்துத்தான். அது மடியாவிட்டால் உடம்பு வேறு வழியில்லாமல் இடுப்பில் மடியும், நான் எத்தனை தடவை "நிமிருங்கள்" என்றாலும் நிமிராது. சோதித்துப் பாருங்கள். வெறுங்காலோடு, பெருவிரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். இரண்டு காலிலும் தொட முடிந்தால் கவலை இல்லை. ஒரு கால் தெளிவாகக் குறைவாக இருந்தால், போர்டில் காலை மாட்டும் பூட்ஸான பைண்டிங்கின் மேல் கயிற்றை ஒரு பிடி தளர்த்துங்கள். அந்தக் கால் முன்னால் இருந்தால் பைண்டிங் கோணத்தையும் சற்று வெளிப்பக்கம் திருப்பலாம். சில வாரம் அதே சுவரில் கணுக்காலை நீட்டிப் பழகுங்கள். வலி இருந்தால், மூட்டு எலும்பில் இடிக்கிற மாதிரி இருந்தால், பழகாதீர்கள். அறுவை செய்த மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்ட பிறகுதான் தாவல். மூட்டு இறுகிப் போனவர்கள் இறக்கத்தில் விழுந்தால் அதே இடம் மறுபடி உடைய வாய்ப்பிருக்கிறது. இவர்களையும் மற்றவர்களோடு சேர்த்து வரிசையில் நிறுத்தி, பயப்படுகிறாய் என்று ஏசுகிற பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்துக் குட்டைகள் ஈயம் எடுக்க ஈயக்கப்பல் தோண்டிவிட்டுப் போனவை. கரையிலிருந்து சில அடியிலேயே திடீரென்று ஆழம், அடியில் சேறு. கரைக்கு அருகில் தாவவே தாவாதீர்கள். மழை கொட்டிய மறுநாள் இறங்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தாலும் வேண்டாம். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் இப்படித்தான் தொற்றும். இறங்கிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், குட்டையில் இறங்கியதை கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இந்தக் குட்டைகளுக்கு ஒழுங்கான அனுமதி வாங்க நானும் அலைந்திருக்கிறேன். ஓர் அலுவலகம் நிலம் எங்களுடையது இல்லை என்றது, அடுத்தது தண்ணீர் எங்களுடையது இல்லை என்றது. கடைசியில் மண்டை ஓடு போட்ட "அபாயம்" பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள், அதோடு சரி. 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் வாட்டர்ஸ்கியும் வேக்போர்டும் புத்ராஜெயா ஏரியில் நடந்தன. வாட்டர்ஸ்கி வீராங்கனை ஆலியா யோங் ஹனிஃபா நமக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அந்த மாதிரி ஏரியும் பயிற்சியாளரும் தோட்டப்புறப் பிள்ளைக்கு எப்போது எட்டும்? எட்டாத வரைக்கும், கமிஷன் பார்க்கிற அண்ணன்மார்கள்தான் பயிற்சியாளர்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியாக உங்கள் ஜாக்கெட்டைப் பாருங்கள். மெல்லிசாக, உடம்போடு ஒட்டி, அழகாக இருக்கிறதா? அது அடியைத் தாங்கும் இம்பேக்ட் வெஸ்ட்டாக இருக்கலாம். அதில் பெரும்பாலானவை மிதவைச் சான்று பெற்றவை அல்ல. உள்பக்க லேபிளில் மிதவைச் சான்றும், 50 நியூட்டன் அல்லது அதற்கு மேல் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். லேபிள் இல்லாததை யார் இரவல் கொடுத்தாலும் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அந்த 900 வெள்ளியில் நல்ல ஜாக்கெட்டும் நீளாத கயிறும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தை நண்பர்களோடு சேர்த்துப் படகுப் பெட்ரோலுக்குப் போடுங்கள்.