கரையான் தின்ற ஏடும் ஒரு முட்டி வலியும்

கேள்வி: சென்ற இதழில் யோகாச்சாரியார் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றி எழுதும்போது, தன் ஆசன முறைக்கு மூலம் என்று அவர் சொன்ன 'யோக குரண்டம்' என்ற நூலை வேறு யாரும் பார்த்ததில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நூறு வயது வாழ்ந்த மகானைப் பொய்யர் என்கிறீர்களா? நான் பதினெட்டு வருஷமாக யோகா சொல்லித் தருகிறேன். என் நோட்டீஸில் '5,000 ஆண்டுப் பழமையான கலை' என்று போட்டிருக்கிறேன். முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒரு மாணவி இப்போது உங்கள் இதழைக் கொண்டுவந்து நீட்டி, "சார், இதெல்லாம் சாஸ்திரத்திலேயே இல்லையாமே" என்கிறார். நோட்டீஸைக் கிழித்துப் போடட்டுமா?
— யோகா ஆசிரியர் ஒருவர், திருநகர், மதுரை

பதில்: பொய்யர் என்ற சொல் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது ஐயா, என் கட்டுரையில் இல்லை. 'யாரும் பார்த்ததில்லை' என்று எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

கல்கத்தா நூலகம் ஒன்றில் கிடைத்த ஏட்டிலிருந்து அவர் இந்த ஆசன முறையைப் படித்தெடுத்தார், பிறகு அந்த ஏட்டைப் பூச்சி தின்றுவிட்டது என்பது கதை. அவருடைய மாணவர் மைசூர் பட்டாபி ஜோயிஸ் மூலமாக உலகம் சுற்றிய கதை. கரையான் தின்ற ஏடு நமக்கென்ன புதிதா? தில்லையில் தேவார ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் அங்கே தின்றது போக மிஞ்சியது வெளியே வந்தது, இன்றும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். உ.வே.சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பித்தால், எந்த ஊரில் யார் கொடுத்த பிரதி என்று முகவுரையில் எழுதி வைப்பார். குரண்டத்துக்கு ஓர் ஓலைநறுக்கும் மிஞ்சவில்லை.

இதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு, தெரியுமோ என்னவோ. அவர் கன்னடத்தில் எழுதி 1934-ல் வந்த 'யோக மகரந்தம்' நூலின் தமிழ்ப் பதிப்பு 1938-ல் மதுரை சி.எம்.வி. அச்சகத்தில் அச்சானது. இன்று வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தத் தமிழிலிருந்து போனதுதான். அதில் மூல நூல்களின் பட்டியலில் குரண்டத்தின் பெயரும் வருகிறது. பெயரோடு சரி.

ஒரு வேடிக்கை. அந்தப் பெயர் முழுக்கக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. புனேயில் 'ஹடாப்யாஸ பத்ததி' என்றொரு சமஸ்கிருதக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. எழுதியவர் பெயர் கபால குரண்டகர். 112 ஆசனங்கள், கயிற்றைப் பிடித்துச் செய்கிறவை உட்பட. மைசூர் அரண்மனையில் 19-ஆம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த 'ஸ்ரீதத்வநிதி'யில் 122 ஆசனங்கள் படத்தோடு இருக்கின்றன. இரண்டும் உறவுக்கார நூல்கள். அதே அரண்மனையின் ஆதரவில்தான் 1933-ல் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை ஜகன்மோகன் மாளிகையில் தொடங்கியது. ஆக, அவர் கையில் ஏதோ ஒன்று இருந்திருக்கலாம். எங்கே பார்த்தார், எவ்வளவு எடுத்துக்கொண்டார், தானாக எவ்வளவு சேர்த்தார் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் நீங்களும் நானும் இன்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஏன் எழுதவில்லை? இதற்கு விடை மைசூரில் இல்லை, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்பது என் எண்ணம். பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரிக்குப் போனபோது தன் முன்னோரான வைணவ ஆசாரியர் நாதமுனிகள் தரிசனம் தந்து 'யோக ரகசியம்' என்ற நூலை உபதேசித்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாதமுனிகளின் கதை என்ன? அதே ஊரில் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பாசுரங்களைப் பன்னீராயிரம் தடவை ஓதி, நம்மாழ்வார் தோன்றி, நாலாயிரத்தையும் பெற்றுக்கொண்டவர். பெற்றேன் என்று சொல்வதுதான் அந்த வீட்டுப் பேச்சு. 'நான் உண்டாக்கினேன்' என்பது அங்கே அகம்பாவம். சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரில் எத்தனை நூல்கள்! எழுதியவன் தன் பெயரை அழித்துக்கொண்டு முனிவர் பெயரைப் போட்டான். இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். திருடுகிறவன் அடுத்தவன் சரக்கில் தன் பெயரை ஒட்டுவான். இவர் செய்தது நேர் எதிர்.

அவரை அவ்வளவு தூரம் விட்டுவிடுவேன். உங்களை விட மாட்டேன்.

5,000 ஆண்டு என்கிறீர்களே, எதை வைத்து? திருமந்திரம் மூன்றாம் தந்திரம் பத்திரம், கோமுகம், பங்கயம் என்று ஏழெட்டு ஆசனங்களைத்தான் பெயர் சொல்லி எண்ணுகிறது. ஹடயோகத்தின் பழைய சமஸ்கிருத நூலான 'ஹடயோகப் பிரதீபிகை' விளக்குவது 15. அதில் நின்றுகொண்டு செய்கிற ஆசனம் ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் திரிகோணாசனத்தையும் வீரபத்ராசனத்தையும் அங்கே தேடிப் பாருங்கள். சதுரங்க தண்டாசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தண்டால் எடுக்கிற பயில்வான்தான் ஞாபகம் வருகிறார். பெயரிலேயே தண்டம் இருக்கிறது பாருங்கள்.

வயதைக் கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு. சாஸ்திரம் என்று சொல்லிவிட்டால் அவர் வாயைத் திறக்க முடியாது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற யோகா ஆசிரியரான பி.கே.எஸ்.ஐயங்கார் கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர்தான். சிறுவனாக மைசூரில் இருந்தபோது கால்களை முன்னும் பின்னுமாக நேராக விரிக்கிற ஹனுமானாசனத்தைச் செய்யக் குரு சொன்னார், செய்தேன், பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். முடியாது என்று சொல்ல அந்தப் பையனுக்கு வழி இருந்ததா? பட்டாபி ஜோயிஸ் விஷயம் இன்னும் மோசம். ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று தகாத விதத்தில் தொட்டார் என அவரிடம் படித்த பெண்கள் பலர், அவர் இறந்து வருஷக்கணக்கான பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள். 2019-ல் அவருடைய பேரன் சரத் ஜோயிஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். சீடர் செய்ததற்குக் குருவைக் கூண்டில் ஏற்றக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'குரு செய்தால் காரணம் இருக்கும்' என்று அத்தனை பேரையும் வாய்மூடி இருக்க வைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கும்பிட வேண்டிய கிருஷ்ணமாச்சாரியார் வேறு ஒருவர் இருக்கிறார். மைசூரை விட்டு 1950-களில் சென்னைக்கு வந்தவர். அங்கே கூட்டத்தை நிறுத்தி வைத்துக் கட்டளையிடுகிற வேலை இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர். நாடி பார்ப்பார், மூச்சைப் பார்ப்பார், வயதையும் நோயையும் தொழிலையும் கேட்பார். அப்புறம்தான் என்ன ஆசனம் என்று முடிவு செய்வார். அதே ஆசனத்தை நோயாளிக்கு ஒரு மாதிரி, பிள்ளைக்கு ஒரு மாதிரி மாற்றிக் கொடுப்பார். மகன் தேசிகாச்சார் 1976-ல் அவர் பெயரில் 'யோக மந்திரம்' என்ற நிலையத்தைத் தொடங்கியது இந்த முறையை வைத்துத்தான். இதற்கு எந்த ஏட்டின் சாட்சியும் வேண்டியதில்லை. சிகிச்சை பெற்றவர்களும் படித்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

நோட்டீஸைக் கிழிக்க வேண்டாம், அச்சடித்த காசு வீண். தீர்ந்ததும் அடுத்த நோட்டீஸில் அந்த 5,000-ஐ எடுத்துவிட்டு, '1930-களில் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் வகுத்த முறை' என்று போடுங்கள். திருநகரில் ஒருவரும் வகுப்பை விட்டு நின்றுவிட மாட்டார்கள்.

அப்புறம் அந்த முட்டி வலிக்காரர். கடிதத்தில் அவர் இதழைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டினார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்களே தவிர, வலிக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. எலும்பு மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அதுவரை பத்மாசனமும் வஜ்ராசனமும் வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வையுங்கள், மூச்சுப் பயிற்சியை அதிலேயே செய்யட்டும்.