டென்ஷனால் முடக்குவாதம் வருமா?
“அம்மாவுக்கு முடக்குவாதம், எனக்கோ ஓயாத டென்ஷன். எனக்கும் வருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடக்குவாதம் என்பது நம் நோயெதிர்ப்பு சக்தி நம் மூட்டுகளையே தாக்கும் நோய். உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. மரபணுக்கள் அச்சாக ஒத்திருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு இது வந்தால், மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய 15 சதவீதம்தான்.

மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் உண்மையில் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும் தரும் எதிர்வினையை, அடக்கும் ஹார்மோன். டாக்டர் தரும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு உறவு. அப்புறம் எப்படிக் கெடுதல்? மாதக்கணக்கில் அழுத்தம் நீடித்தால், நோயெதிர்ப்பு அணுக்கள் கார்டிசோலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அழற்சி கடிவாளம் இல்லாமல் ஓடுகிறது.

2018-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மன அழுத்தக் கோளாறு இருந்தவர்களுக்குத் முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் கூடுதலாக வந்தன. அழுத்தம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, புகைப்பழக்கத்துக்கு எதிரான ஆதாரம் இதைவிட வலுவானது.